பென்சில்வேனியா கோரை நிழலில் படரவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஓக் மரத்தடியில் புல்தரை போட்டு, அது ஆண்டுதோறும் சொட்டையாகிப் போவதைப் பார்த்து அலுத்தவர்கள் கடைசியில் வந்து சேரும் செடிகளில் ஒன்று பென்சில்வேனியா கோரை. தாவரவியல் பெயர் கேரெக்ஸ் பென்சில்வானிகா. வட அமெரிக்காவின் கிழக்கு, நடுப்பகுதிக் காடுகளில், குறிப்பாக ஓக் மரங்களுக்குக் கீழே உலர்ந்த நிழலில் தானாக வளர்வது. இலை 2 முதல் 3 மில்லிமீட்டர் அகலம். உயரம் அரை அடியிலிருந்து ஓர் அடி. மண்ணுக்குச் சற்றுக் கீழே ஓடும் மெல்லிய தண்டுகளால் மெதுவாகப் படரும். மெதுவாக என்பதைத் தடித்த எழுத்தில் படிக்க வேண்டும். வரும் புகார்களில் பாதி அந்தச் சொல்லை மறந்ததால் வருபவைதான்.

கீழே உள்ளவை எல்லாம் அறிகுறியிலிருந்து தொடங்குகின்றன. அதற்கு முன் ஒரு சோதனை. வாடிய செடியைப் பார்த்ததும் கை தண்ணீர்க் குழாயைத் தேடும். அதை விட்டுவிட்டு, செடியின் தூரை இரண்டு விரலால் பிடித்து மெல்ல மேலே இழுத்துப் பாருங்கள்.

குழித்தட்டில் இருந்த அதே கட்டை வடிவில் வேர்க்கட்டி முழுதாக வெளியே வந்தால், வேர் சுற்றுமண்ணுக்குள் போகவே இல்லை. இலைகள் மட்டும் அடியில் அறுந்து கையோடு வந்தால், தூர் அழுகியிருக்கிறது அல்லது எலி கடித்திருக்கிறது. வேர் நீளமாக இருந்தும் மண் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் மண்புழுவைச் சந்தேகப்படுங்கள். இழுத்தும் அசையவில்லை என்றால் நிம்மதி: செடி உயிரோடு இருக்கிறது, சிக்கல் மண்ணுக்கு மேலே இருக்கிறது. இலையின் நிறத்தை வைத்து முடிவெடுத்தால் இந்த நான்கும் ஒரே மாதிரிதான் தெரியும்.

நட்ட மூன்று வாரத்துக்குள் வாடிக் காய்கிறது. தண்ணீர் தினமும் விடுகிறேன்

புதிய நடவில் அதிகம் பார்ப்பது இதுதான். குழித்தட்டு நாற்றுகள் பெரும்பாலும் பீட் மாஸ் (சதுப்புநிலப் பாசி மட்கிய பொருள்) கலவையில் வளர்க்கப்பட்டவை. பீட் ஒருமுறை முழுதாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உள்ளே விடாது. நீங்கள் ஊற்றும் நீர் வேர்க்கட்டியின் ஓரமாக வழிந்து சுற்றுமண்ணுக்குள் போய்விடும். சுற்றிலும் சேறு, நடுவில் வேர் பொடியாகக் காய்ந்திருக்கும். செடியை இழுத்தெடுத்து வேர்க்கட்டியை இரண்டாகப் பிட்டுப் பாருங்கள். வெளியே கறுப்பாகவும் உள்ளே வெளிர் பழுப்பாகவும் இருந்தால், கிள்ளியதும் தூள் பறந்தால், இதுதான் காரணம்.

இன்னொரு பக்கமும் உண்டு. பீட் கட்டியின் மேல்முகம் மண்ணுக்கு மேலே தெரியும்படி நட்டிருந்தால், அது விளக்குத் திரிபோல உள்ளிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக் காற்றில் விட்டுவிடும்.

சரிசெய்ய, இலையில் பாதியாவது பச்சையாக இருக்கும் செடிகளைப் பிடுங்கி, ஒரு வாளித் தண்ணீரில் வேர்க்கட்டியை முக்கி, குமிழி வருவது நிற்கும்வரை வையுங்கள். பொதுவாக 15 முதல் 30 நிமிடம் போதும். எடுத்தபின் கட்டியின் அடியையும் பக்கங்களையும் விரலால் கீறி, வளையமாகச் சுற்றிய வேர்களைப் பிரித்துவிடுங்கள். சில இழைகள் அறுந்தால் பரவாயில்லை. மீண்டும் நடும்போது கட்டியின் மேல்முகத்தை அரை அங்குலம் தோட்ட மண்ணால் மூடுங்கள். ஆனால் இலை பிரியும் இடம் புதையக் கூடாது. அது புதைந்தால் அடுத்த சிக்கல் அழுகல். குழிக்குள் காற்றுப்பை இல்லாதபடி இரண்டு கைவிரல்களாலும் அழுத்தி, உடனே தண்ணீர் விடுங்கள்.

துளைப்பான் கொண்டு நட்டிருந்தால் குழியின் சுவரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஈரக் களிமண்ணில் சுழலும் துளைப்பான் சுவரை மண்பானைபோல் மெழுகிவிடும். வேர் அந்தச் சுவரில் முட்டிச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு திருப்புளியால் சுவரில் நாலைந்து கீறல் போட்டால் போதும். மண் கையில் உருட்டினால் திரியாக நீளும் ஈரத்தில் இருக்கும்போது துளைக்காமல் இருப்பது அதைவிட நல்லது.

நீர் அளவு: முதல் இரண்டு வாரம் இரண்டு அல்லது மூன்று நாளுக்கு ஒருமுறை. பிறகு முதல் கோடை முழுதும் மழையையும் சேர்த்து வாரம் ஓர் அங்குலம். நூறு சதுர அடிக்கு ஓர் அங்குலம் என்பது ஏறத்தாழ 235 லிட்டர். தினமும் மேலோட்டமாகத் தெளிப்பது இலையை நனைக்குமே தவிர வேரைத் தொடாது.

ஓராண்டு ஆகியும் அப்படியே நிற்கிறது

பெரும்பாலும் இது கோளாறே அல்ல. முதல் ஆண்டில் செடி வேர் விடுவதிலேயே இருக்கும். பக்கத் தண்டு ஓடுவதும் தூர் கட்டுவதும் இரண்டாம் ஆண்டில்தான் கண்ணுக்குத் தெரியும். ஓர் அடி இடைவெளியில் நட்டிருந்தால் தரை மூட இரண்டு மூன்று ஆண்டாவது வேண்டும்; உலர்ந்த நிழலில் இன்னும் கூடும்.

இடைவெளிக் கணக்கை நடும் முன்பே போடுவது நல்லது. நூறு சதுர அடிக்கு, 12 அங்குல இடைவெளியில் 100 நாற்று. 8 அங்குலத்தில் 225. 6 அங்குலத்தில் 400. 12 அங்குலம் சிக்கனம்போல் தெரியும், ஆனால் மூன்று ஆண்டு களை எடுக்கும் உழைப்பையும் சேர்த்துப் பார்த்தால் 8 அங்குலமே மேல். மொத்த இடத்தையும் அப்படி நிரப்பக் கட்டுப்படி ஆகவில்லை என்றால், பாதி இடத்தில் நெருக்கமாக நட்டு மூட விடுங்கள். மீதியை அதிலிருந்தே பிரித்து நட்டுக்கொள்ளலாம்.

இரண்டாம் ஆண்டு முடிந்தும் பக்கத்தில் ஒரு முளைகூட வரவில்லை என்றால் மூடாக்கைப் பாருங்கள். மூன்று நான்கு அங்குலம் மரச்சில்லு கொட்டியிருந்தால் அதுதான் தடை. இந்தக் கோரையின் தண்டு ஆழத்தில் ஓடுவதில்லை. புது முளை அந்தக் கனத்தைத் துளைத்து வரத் திணறும். சில்லை வழித்தெடுத்து, அரைத்த இலைகளை ஓர் அங்குலம் மட்டும் போடுங்கள், தூரைச் சுற்றி இரண்டு விரல் அகலம் விட்டு. இலையுதிர் காலத்தில் விழும் முழு ஓக் இலைகளும் இதே வேலையைச் செய்யும். அவை அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டு இளநாற்றை மூடிவிடும். புல்வெட்டியால் ஒருமுறை அரைத்து அங்கேயே பரப்பினால் அதுவே உரம். வேறு உரம் வேண்டாம். தழைச்சத்து மிகுந்தால் இலை நீண்டு துவண்டு விழும், களைக்குத்தான் கொண்டாட்டம்.

ஜூலை, ஆகஸ்டில் பழுப்பாகிறது

இது குளிர்பருவச் செடி. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் வளரும். வெயில் கொளுத்தும்போது ஓய்ந்து கிடக்கும். வேர்ப்பிடித்த செடி வறட்சியில் நுனி காய்ந்து சாய்ந்தால், இழுத்துப் பார்த்து அசையாத பட்சத்தில் விட்டுவிடுங்கள். செப்டம்பர் மழைக்குத் திரும்பிவிடும். மூன்று வாரத்துக்கு மேல் மழையே இல்லையென்றால் ஒருமுறை ஆழமாகத் தண்ணீர் விடலாம்.

பழுப்பு எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். பாத்தி முழுக்கச் சீராக இருந்தால் வறட்சி. மேற்குப் பக்கத்து விளிம்பில் மட்டும், இலை வெளுத்து வைக்கோல் நிறமானால் பிற்பகல் வெயில். ஒரு கிளையை வெட்டியபின்போ மரம் விழுந்தபின்போ இது திடீரென்று தொடங்கும். காலை வெயிலை இச்செடி நன்றாகத் தாங்கும். பிற்பகல் வெயிலைத் தாங்க ஈரம் கூடுதலாக வேண்டும். நடைபாதையை ஒட்டி ஓரிரு அடிக்கு மட்டும், அதுவும் வசந்தத்திலேயே காய்ந்திருந்தால் பனி உருக்கப் போட்ட உப்பு. மண் உருகியதும் அந்தப் பட்டையில் இரண்டு மூன்று முறை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி இறக்குங்கள். வட்டமாகக் காய்ந்து, வட்டத்தின் விளிம்பு மட்டும் கரும்பச்சையாகச் செழித்திருந்தால் அது நாயின் வேலை.

தூர் அழுகி, இலை கையோடு வருகிறது

ஈரமான நிழல் வேறு, உலர்ந்த நிழல் வேறு. இந்தக் கோரை உலர்ந்த நிழலுக்கானது. ஓர் அடி ஆழக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பி வடிய விடுங்கள். இரண்டாம் முறை நிரப்புங்கள். மறுநாளும் நீர் நின்றால் அந்த இடத்தில் பென்சில்வேனியா கோரையோடு மல்லுக்கட்ட வேண்டாம். மணல் கலந்து களிமண்ணைத் திருத்தும் யோசனையும் வேண்டாம், இறுகிப் போகும். செடியை மாற்றுவதே வழி. ஈர நிழலுக்கு கேரெக்ஸ் புரோமாய்டிஸ் என்ற மெல்லிலைக் கோரை பொருந்தும். அது கொத்தாக வளரும், பாயாகப் படராது. படரவும் வேண்டும், மண்ணும் சற்று ஈரமானது என்றால் கேரெக்ஸ் வூடி. டெலவேர் மாநிலத்து மவுண்ட் கியூபா சென்டர் பல கேரெக்ஸ் இனங்களை ஆண்டுக்கணக்கில் வளர்த்து ஒப்பிட்டபோது முதலிடம் பெற்றது இதுதான்.

வடிகால் சரியாக இருந்தும் அழுகினால் தூரைப் புதைத்து நட்டிருப்பீர்கள், அல்லது மூடாக்கு தூரோடு ஒட்டிக் கிடக்கும்.

மரத்தடியில் மட்டும் பிடிக்கவில்லை

ஓக் மரத்தடியில் வளர்வது நார்வே மேப்பிள் அடியிலும் வளரும் என்று எண்ணக் கூடாது. மேப்பிளின் ஊட்டும் வேர்கள் மேல்மண்ணிலேயே பாய்போல் பின்னிக் கிடக்கும், நிழலும் அடர்த்தி. அங்கே தோற்பது நிழலால் அல்ல, தண்ணீருக்கான போட்டியால். தீர்வு பெரிய செடி அல்ல, சிறிய நாற்று. இரண்டு அங்குலத் துளைப்பானால் வேர்களுக்கு நடுவே இடம் கிடைக்கும் இடத்தில் மட்டும் துளையுங்கள். கட்டைவிரல் பருமனுள்ள வேர் தட்டினால் துளையை நகர்த்துங்கள். நேர்வரிசை கெட்டால் கெடட்டும். வேருக்கு மேல் புதுமண் கொட்டிப் பாத்தி கட்டுவது மரத்துக்கே கேடு. இரண்டாம் கோடையிலும் வாராந்தர நீரை நிறுத்தாதீர்கள். அடிமரத்திலிருந்து இரண்டு அடிக்குள் வெற்றாக இருந்தால் அரைத்த இலை போட்டு விட்டுவிடுவது மேல்.

குளிர்காலம் கழிந்து பார்த்தால் நாற்று மண்ணுக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கிறது

மண் உறைந்தும் உருகியும் வேர்ப்பிடிக்காத கட்டியை வெளியே தள்ளியிருக்கிறது. பார்த்த அன்றே மீண்டும் குழியில் அமுக்கி மிதித்துவிடுங்கள். வேர் காயாதிருந்தால் பிழைக்கும். அடுத்த முறை இலையுதிர் கால நடவை மண் உறைவதற்கு ஆறு வாரம் முன்பே முடித்துவிட வேண்டும். அதற்கு நாள் இல்லையென்றால் வசந்தம்வரை பொறுத்திருங்கள்.

தூர் அருகே கடித்த தடமும், பனி உருகிய தரையில் ஓரிரண்டு அங்குல அகல ஓடைபோன்ற பாதைகளும் தெரிந்தால் அது வோல் எலி. பனிக்கு முன் கனத்த மூடாக்கைக் குறைத்து, கோரையை உயரமாக மடிந்து கிடக்க விடாமல் இருந்தால் அதற்கு ஒளிய இடம் இருக்காது.

செடி தானாகக் கையோடு வருகிறது. மண் காப்பித்தூள்போல் உதிர்கிறது

துள்ளும் மண்புழு. ஆசியாவிலிருந்து வந்த அமிந்தாஸ் வகைகள். தொட்டால் பாம்புபோல் நெளிந்து துள்ளும். முதிர்ந்த புழுவின் கழுத்துப்பட்டை பால்வெண்மையாக, வழவழப்பாக, உடலை முழுதும் சுற்றியிருக்கும். சாதாரண மண்புழுவுக்கு அது புடைத்து, சேணம்போல் பாதிதான் சுற்றும். உறுதிசெய்ய, அரைத்த மஞ்சள் கடுகுப் பொடியைக் கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு எடுத்து நான்கு லிட்டர் நீரில் கரைத்து, இலையை ஒதுக்கிய தரையில் மெல்ல ஊற்றுங்கள். புழு இருந்தால் சில நிமிடத்தில் மேலே வரும். கோடைப் பிற்பகுதிதான் பார்ப்பதற்கு ஏற்ற காலம். பெரிய புழுக்கள் குளிரில் செத்துவிடும். முட்டைக்கூடுகள் மண்ணிலேயே குளிரைத் தாண்டிவிடும்.

இதை ஒழிக்கும் மருந்து என்று எதையும் வாங்க வேண்டாம். மேலே வந்த புழுக்களைப் பொறுக்கி, பையில் கட்டி வெயிலில் வையுங்கள். பெயர்ந்த செடிகளை இலை பிரியும் இடம் புதையாதபடி ஆழமாக நட்டு மண்ணை மிதித்து இறுக்குங்கள். புது நாற்றை மண் கழுவிய வெற்று வேரோடு நடுங்கள். வெளியிலிருந்து வரும் மண்ணையும் உரத்தையும் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தாளால் இறுக மூடி, உள்ளே வெப்பம் 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் மூன்று நாள் நிற்கும்படி வெயிலில் விட்டால் முட்டைக்கூடுகள் சாகும். ஒரு சின்ன ஆறுதல்: வட அமெரிக்காவின் ‘பெரிய ஏரிகள்’ பகுதிக் காடுகளில் ஐரோப்பிய மண்புழுக்கள் மட்கு அடுக்கைத் தின்று தீர்த்த இடங்களில், வேறு பல சிறுசெடிகள் காணாமல்போக, மிஞ்சிப் பாய் விரித்தவற்றில் இக்கோரையும் ஒன்று.

இலை நுனிகள் வெட்டினாற்போல் மொட்டையாக இருக்கின்றன

ஒவ்வொரு நுனியும் நேராக, ஒரே உயரத்தில், பழுப்பு விளிம்போடு இருந்தால் வெட்டியது நீங்கள்தான். புது இலை கிளம்பியபின் வெட்டினால் அந்த மழுங்கிய நுனி ஆண்டு முழுதும் அப்படியே நிற்கும், பூவும் போய்விடும். பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச்சுக்குள், குளிரில் காய்ந்த பழைய இலையை இரண்டு மூன்று அங்குலம் விட்டு வெட்டுங்கள். வடக்கே பனி விலகும் நாளைப் பொறுத்துச் சற்றுத் தள்ளும். தூரை விரலால் விலக்கிப் பாருங்கள். உள்ளே வெளிர்பச்சைக் கூர்முளை அரை அங்குலத்துக்குள் இருந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. வெட்டாமலே விட்டாலும் புது இலை பழையதை மூடிவிடும். புல்தரைபோல் வாராவாரம் வெட்டினால் செடி மெலியும். ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை போதும்.

நுனி சாய்வாக, கத்தியால் சீவியதுபோல் இருந்தால் முயல். பிய்த்து இழுத்ததுபோல் கிழிந்திருந்தால் மான். முயலுக்கு முதல் ஆண்டில் கம்பிவலை போடுங்கள். மான் இதை விரும்பித் தின்பதில்லை. புது நாற்றை ருசி பார்த்துப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போகும், அவ்வளவுதான்.

நடுநடுவே வேறு ஏதோ முளைக்கிறது

புல்லா கோரையா என்பதைப் பூத்தண்டை விரலிடுக்கில் உருட்டிப் பாருங்கள். புல்லின் தண்டு உருளும். கோரையின் தண்டில் முக்கோண விளிம்பு தட்டுப்படும். பென்சில்வேனியா கோரையின் அடியில் செம்பழுப்பு நிறமும், பழைய இலையுறை நார்நாராகக் கிழிந்து நிற்பதும் அடையாளம்.

கோடையில் மட்டும் வேகமாகக் கிளம்பும், தடித்த, மெழுகுப் பளபளப்புள்ள மஞ்சள்பச்சை இலை என்றால் மஞ்சள் கோரைக்கிழங்கு. சிறிய செடியாக இருக்கும்போதே கிழங்கோடு தோண்டி எடுங்கள். கோரைக்கிழங்குக்கு என்று விற்கும் ஹாலோசல்ஃப்யூரான் களைக்கொல்லியை இந்தப் பாத்தியில் தெளிக்க நினைக்காதீர்கள். நீங்கள் நட்டதும் கோரைதான். மாறாக, புல்களை மட்டும் கொல்லும் செத்தாக்ஸிடிம், கிளெத்தோடிம் போன்றவை கோரையைத் தாக்குவதில்லை. பாத்தியில் புல் மண்டிவிட்டால் அட்டையில் சொன்ன அளவிலும் இடத்திலும் பயன்படுத்தலாம்.

அகன்ற இலையோடு கொத்துக்கொத்தாக விதையில் முளைப்பது கேரெக்ஸ் பிளாண்டாவாக இருக்கக்கூடும். அதுவும் உள்ளூர்ச் செடிதான். சீரான தரை வேண்டும் என்றால் மட்டும் விதை உதிருமுன் பிடுங்குங்கள்.

விதை போட்டேன், ஒன்றும் வரவில்லை

வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இச்செடி நல்ல விதையைக் குறைவாகவே வைக்கும். முளைக்க ஈரக் குளிர்ச்சி வேண்டும். அப்போதும் முளைப்பு தாறுமாறு. நாற்று அல்லது தூர் பிரிப்புதான் வழி.

இலையில் ஆரஞ்சுப் பொடி, கறுப்புப் புள்ளி

துரு நோய். அசிங்கமாகத் தெரியும், செடியைக் கொல்லாது. மருந்து தேவையில்லை. மாலையில் தண்ணீர் விடுவதைக் காலைக்கு மாற்றுங்கள். மிக நெருங்கிய இடத்தைச் சற்றுக் கலைத்துவிடுங்கள்.

பழைய பாத்தியில் நடுவில் வெற்றிடம் விழுகிறது

தண்டுகள் வெளிப்பக்கம் ஓடிக்கொண்டே இருப்பதால் பழைய நடுத்தூர் ஓய்ந்துபோகிறது. விளிம்பில் இருப்பதைப் பிரித்து வெற்றிடத்தில் நடுவதுதான் வேலை. புது இலை இரண்டு அங்குலம் வந்திருக்கும் வசந்தத் தொடக்கமோ செப்டம்பரோ ஏற்ற காலம், கோடையில் தொடாதீர்கள். முந்தைய நாள் பாத்தியை நனையுங்கள். கூரிய மண்வெட்டியால் கையகலத் துண்டாக, மூன்று அங்குல ஆழத்தில் வெட்டி எடுங்கள். கத்தியால் பிரிக்கும்போது ஒவ்வொரு துண்டிலும் ஐந்து முதல் எட்டு முளை இருக்க வேண்டும். ஒற்றை முளையாகப் பிரித்தால் எண்ணிக்கை கூடும், பிழைப்பது குறையும். இலையைப் பாதியாகக் கத்தரித்து, ஈரத் துணியில் சுற்றி வைத்து, அன்றைக்கே 8 அங்குல இடைவெளியில் நடுங்கள். நட்டபின் முதல் இரண்டு வாரம் புது நாற்றுக்குச் சொன்ன அதே தண்ணீர். மூன்றாம் வாரம் ஒன்றிரண்டை இழுத்துப் பாருங்கள். பிடித்துக்கொண்டு எதிர்த்தால் தண்ணீர் விடும் இடைவெளியை நீட்டலாம்.